மஞ்சள் வட்டங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோதண்டத்தின் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சாமுண்டீஸ்வரி செக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்களில் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட துணி லாரியில் வரும். சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். எட்டு கஜம் ஒரு துண்டு. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையின் மேல் துணியை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் வேலை.

பழுது கண்ணில் பட்டால் மஞ்சள் கிரேயானால் அதைச் சுற்றி வட்டம் போடுவாள். பக்கத்தில் என்ன பழுது என்று ஓர் எழுத்து. இழை விட்டிருந்தால் 'இ', எண்ணெய்க் கறை என்றால் 'எ', சாயம் ஓடியிருந்தால் 'ஓ'. துண்டின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்து 'சா'. நாளைக்குப் புகார் வந்தால் யார் பார்த்த துணி என்று தெரிய வேண்டும் அல்லவா. மூன்று வட்டத்துக்கு மேல் விழுந்த துண்டு செகண்ட்ஸ். நல்லதெல்லாம் பேல் கட்டி நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறும். செகண்ட்ஸ் எடைக்கு வண்ணாரப்பேட்டைக்குப் போகும்.

"ஓரத்துல சா, சான்னு எய்தி வெக்கிறியே, கட்டிக்கிறவங்க இன்னாத்துக்கு ஆவாங்க?" என்று பக்கத்து மேசை பொன்னியம்மா கேட்பாள்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுக்கா" என்பாள் சாமுண்டி.

அவளுடைய கண்ணைப் பற்றிக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவள் பார்த்து அனுப்பிய துணி ஒன்றுகூட ஏழு வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ் டிரைவராக இருந்த அவள் புருஷன் வேம்புலிக்கும் அது தெரியும். புதுச் சட்டை எடுத்தால் முதலில் அவளிடம்தான் கொடுப்பான். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத மாத்திக்கினு வா" என்றால் மறுபேச்சில்லாமல் கடைக்குத் திரும்பிப் போவான்.

1991ஆம் வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் நைஜீரியாவிலிருந்து துணி வியாபாரி ஒருவர் கம்பெனிக்கு வந்தார். வருஷா வருஷம் வருகிறவர்தான். இந்த முறை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயர் இபிசோ. நாற்பது வயதிருக்கும். உயரம், தடித்த கண்ணாடி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. அவள் தன் ஊர்க் கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பார்க்கும் பால்ராஜ் சொன்னான். கம்பெனியில் நன்றாக இங்கிலீஷ் பேசக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

அண்ணனும் கோதண்டமும் ரூமில் உட்கார்ந்து ஆர்டர் பேசிக்கொண்டிருந்தபோது இபிசோ தனியாகச் செக்கிங் ஹாலுக்குள் வந்தாள். சாமுண்டியின் மேசைக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர் ஓரம் குவிந்து கிடந்த செகண்ட்ஸ் பக்கம் போய், தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சாமுண்டிக்குப் பதற்றமாக இருந்தது. பால்ராஜைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அது செகண்ட்ஸுன்னு சொல்லுண்ணே. நம்ம துணியே இப்படித்தான்னு நெனச்சிக்கப் போறாங்க."

பால்ராஜ் போய்ச் சொன்னான். இபிசோ ஏதோ நீளமாகப் பதில் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"தெரியும்ன்றாங்க. அதான் வேணுமாம். இந்தக் கிரேயானத் தொடைக்காம அப்படியே வேணுமாம்."

"எதுக்காம்?"

பால்ராஜ் மறுபடி போய்க் கேட்டான். இந்த முறை இபிசோ எழுந்து மேசைக்கே வந்தாள். கைப்பையிலிருந்து ஓர் ஊசியையும் பிளேடையும் எடுத்து, ஒரு செகண்ட்ஸ் துண்டின் மூலையில் ஓர் இழையை ஊசியால் தூக்கி, பிளேடால் நறுக்கி உருவிக் காட்டினாள். பக்கத்திலேயே இன்னொன்று. நாலைந்து இழை உருவியதும் கட்டத்துக்குள்ளே வேறொரு சின்ன உருவம் தெரிந்தது. தங்கள் ஊரில் பெண்கள் மதராஸ் துணியை வாங்கி இப்படி இழை எடுத்துப் புதுத் துணி ஆக்கித்தான் கட்டுவார்கள், தன் அம்மா அதில் கெட்டிக்காரி, என்று பால்ராஜ் மூலம் சொன்னாள். பிறகு மஞ்சள் வட்டத்துக்குள் விரலை வைத்தாள்.

"இங்க தறிக்காரரே ஓர் இழைய விட்டுட்டாரு. அத நீ பாத்திருக்க. மூணாவதா நான் அங்கேர்ந்து ஆரம்பிக்கணும். அப்படின்றாங்க" என்றான் பால்ராஜ்.

சாமுண்டிக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் அந்தம்மா இழை உருவிய விதம் பிடித்திருந்தது. பக்கத்து இழை ஒன்றுகூட அசையவில்லை. இபிசோ அவள் பெயரைக் கேட்டாள். ஓரத்து எழுத்தைக் காட்டி, இது அதுவா என்று கேட்டாள். சாமுண்டி ஆமாம் என்று தலையாட்டினாள்.

கோதண்டம் அந்த வருஷம் செகண்ட்ஸை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பவில்லை. எடைக்குப் போட்டால் வருவதைவிட இபிசோவிடம் நாலு மடங்கு கிடைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அண்ணனுடைய சரக்கோடு செகண்ட்ஸ் பேல் ஒன்றும் போனது. 93இல் இபிசோவிடமிருந்து சாமுண்டிக்கு ஒரு போட்டோ வந்தது. பெரிய சுவர் ஒன்றில், கூரையிலிருந்து தரைவரை ஒரு துணி தொங்கியது. செகண்ட்ஸ் துண்டுகளையெல்லாம் ஒன்றாகத் தைத்திருந்தாள். ஒவ்வொரு மஞ்சள் வட்டத்தையும் சுற்றி இழை உருவி உருவி, பழுது மட்டும் நடுவில் மிதப்பதுபோல நின்றது. கீழ் ஓரத்தில், தலைகீழாக, ஒரு 'சா'.

வேம்புலி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத இன்னா பண்ணுவாங்க? போத்திக்குவாங்களா?"

"சொவுத்துல மாட்டி வெப்பாங்களாம்."

"கிழிஞ்சத மாட்டி வெக்கறதுக்குக் காசு குடுக்கறானுங்களா. நம்ம ஊட்டுல பழைய லுங்கி பத்து கீது."

அவள் சிரித்தாள். ஆனாலும் போட்டோவை டிவி மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகி வைத்தாள்.

எல்லாம் மாறியது 95இல். லண்டனில் பெரிய ஹால் ஒன்றில் கலைச் சந்தை நடந்தது. வரிசையாகக் கடைபோல் தடுத்து, ஊர் ஊரிலிருந்து வந்த காலரிக்காரர்கள், அதாவது ஓவிய வியாபாரிகள், படங்களை மாட்டி வைத்து விற்பார்களாம். ஆப்பிரிக்கா என்றால் பழைய மரமுகமூடிகளை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், உயிரோடு இருக்கும் ஓவியர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சந்தையில் இபிசோவின் நாலு துணியும் முதல் நாளே விற்றுவிட்டன. ஒன்றை ஓர் அமெரிக்க மியூசியம் வாங்கியது. இதையெல்லாம் இபிசோ கடிதத்தில் எழுதியிருந்தாள். பால்ராஜ் மதிய சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினான். கடைசியில் ஒரு வரி: என் துணிகளை விற்ற காலரிக்காரர் தான் அச்சடித்த புத்தகத்தில் மஞ்சள் எழுத்துகளை ஆப்பிரிக்க ரகசியக் குறிகள் என்று போட்டுவிட்டார், நான் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

"ரகசியம் இன்னா கீது அதுல? எண்ணெக் கறைன்னு எய்தி வெச்சிருக்கேன்" என்றாள் சாமுண்டி.

மூன்று மாதம் கழித்து அந்தக் காலரிக்காரரே அம்பத்தூருக்கு வந்தார். வெள்ளைக்காரர், மெலிந்தவர், லினன் சட்டை முதுகில் நனைந்திருந்தது. அடுத்த சந்தைக்கு இபிசோவிடமிருந்து பன்னிரண்டு துணி வேண்டும் என்று வாங்குகிறவர்கள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்நூறு துண்டு வேண்டும். எல்லாவற்றிலும் வட்டம் இருக்க வேண்டும் என்றார். கோதண்டம் யோசிக்கவே இல்லை. ஆகட்டும் என்று கை குலுக்கினார்.

கோடவுனில் இருந்தது நாற்பத்தைந்து துண்டு செகண்ட்ஸ். தறிக்காரர்களும் முன்போல் இல்லை. இப்போதெல்லாம் பழுது குறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் கோதண்டம் செக்கிங் ஹாலுக்கு வந்தார். அவர் பின்னால் இரண்டு பேர் புது பேலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"சாமுண்டி, இத எடுத்துக்கோம்மா. துண்டுக்கு அஞ்சாறு வட்டம் போட்டுடு. எழுத்தும் போட்டுடு."

அவள் மேல் துண்டைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள்.

"சார், இது நல்ல சரக்கு."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

"பழுது இல்லாத எடத்துல எப்பிடி சார் போடறது?"

"எங்க வேணாலும் போடு. அவங்களுக்கு வேண்டியது வட்டம். நாம வட்டம் குடுக்கறோம். இதுல யாருக்கு நஷ்டம்?" அவர் குரலில் கோபமில்லை. "நல்ல துணிய செகண்ட்ஸ்னு விக்கறேன். ஒலகத்துல எவனாவது இப்படி ஏமாத்துவானா?"

 அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். கிரேயானை எடுத்தாள்.

முதல் துண்டில் வட்டம் போட இடம் தேட வேண்டியிருந்தது. ஏழு வருஷமும் நாலு வருஷமும் பதினொரு வருஷம், துணி எங்கே சொல்கிறதோ அங்கே கை போனது. இப்போது கை அந்தரத்தில் நின்றது. பத்தாவது துண்டுக்குள் ஒரு வழி பிடிபட்டது. மேலே இரண்டு, நடுவில் ஒன்று, கீழே இரண்டு, கோலப்புள்ளி போல. அழகாகக்கூட இருந்தது. அதைக் கவனித்ததும் கிரேயானைக் கீழே வைத்தாள்; பிறகு மறுபடி எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அறுபது துண்டு முடித்தாள். ஒன்றில்கூட 'சா' போடவில்லை.

கோதண்டம் வந்து புரட்டிப் பார்த்தார். "ஓரத்துல உன் எழுத்து எங்க? அந்தக் காலரிக்காரர் புஸ்தகத்துல போட்டோவுல கீதே."

"அது நான் பாத்த துணிக்கு சார். இத நான் பாக்கல. வரைஞ்சேன்."

 அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "பொன்னியம்மா, நீ போட்டுடு."

பொன்னியம்மா சாமுண்டியின் முகத்தைப் பார்க்காமல் கிரேயானை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் குடும்பம் இருந்தது. நாலு நாளில் முந்நூறு துண்டும் தயார். அன்று வீட்டில் சாமுண்டி நடந்ததைச் சொன்னபோது வேம்புலி சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அந்த நைஜீரியா அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம இருக்குமா? அவங்களும் துணி பாக்கறவங்கதான."

"அப்போ நீயே லெட்டர் போட்டுச் சொல்லிடேன்."

அவள் இரண்டு முறை பால்ராஜிடம் அதைப் பேசப் போய், வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினாள். பால்ராஜும் அந்தக் கம்பெனியில்தான் சம்பளம் வாங்கினான்.

96 பிப்ரவரியில் இபிசோ எந்தத் தகவலும் இல்லாமல் வந்து இறங்கினாள். அண்ணன் உடன் வரவில்லை. கோதண்டம் காபி வரவழைத்தார், நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நேராகச் செக்கிங் ஹாலுக்கு வந்து, பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாமுண்டியின் மேசை மேல் விரித்தாள். டியூப்லைட் வெளிச்சம் துணி வழியாக வந்தது. ஒரு வட்டத்துக்குள் பாதி இழை உருவியிருந்தது. மீதியை அப்படியே விட்டிருந்தாள்.

இபிசோ மெதுவாகப் பேசினாள். பால்ராஜ் கோதண்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னான்.

"நாப்பது துண்டுல தேடிப் பாத்தாங்களாம். வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லியாம். தன் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு டாக்டரப் போய்ப் பாத்தாங்களாம். அதுக்குள்ள ஒம்பது துணி தெச்சு அனுப்பி, சந்தையிலயும் மாட்டிட்டாங்க. ஏழு வித்துடுச்சாம்." பால்ராஜ் துண்டின் ஓரத்தைக் காட்டினான். "இந்த ஓரத்து எழுத்து உன்னுதா இல்லியான்னு கேக்கறாங்க."

கோதண்டம் சிரித்தபடி முன்னால் வந்தார். "அவ எழுத்துதான்னு சொல்லு பால்ராஜ். வேற யாரு எழுதுவா?"

பால்ராஜ் வாய் திறக்கவில்லை. பொன்னியம்மா தன் மேசையில் குனிந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுண்டி அந்தத் துண்டின் ஓரத்தைப் பார்த்தாள். பொன்னியம்மாவின் 'சா' அகலமாக, சரிந்து படுத்திருந்தது.

சாமுண்டிக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம். பால்ராஜ் வழியாகச் சொன்னால் அவன் வேலைக்கும் ஆபத்து என்று தோன்றியது.

"நோ மேடம்" என்றாள். எழுத்தைத் தொட்டு, "நாட் மீ." பிறகு வட்டத்தைத் தொட்டாள். "திஸ், மீ. பட் நோ மிஸ்டேக் இன்சைட். குட் கிளாத்."

 இபிசோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று சாமுண்டி நினைத்தாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதைப் பால்ராஜ் சொன்னான்.

"ஏன் எனக்கு எழுதலன்னு கேக்கறாங்க."

"பயம்" என்றாள் சாமுண்டி. அதற்கு இங்கிலீஷில் வார்த்தை தெரியவில்லை. பால்ராஜ் சொன்னான். இபிசோ தலையாட்டினாள். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோதண்டத்திடம் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, வெளியே நின்றிருந்த டாக்சியில் ஏறிப் போனாள்.

அடுத்த சில மாதங்களில் நடந்ததைப் பால்ராஜுக்கு வந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டார்கள். இபிசோ துணி வாங்கிய ஏழு பேருக்கும் உண்மையை எழுதி, வேண்டுமானால் திருப்பித் தரலாம் என்றாள். இரண்டு பேர் திருப்பினார்கள். ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள். பழையதைவிட இதில் வட்டங்கள் ஒழுங்காக, பார்க்க நன்றாக இருக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். காலரிக்காரர் அவளோடு உறவை முறித்துக்கொண்டார். சந்தை ஏறிக்கொண்டிருந்த சமயம். அவருக்கு வேறு ஊர்களிலிருந்து வேறு ஓவியர்கள் கிடைத்தார்கள்.

கோதண்டம் சாமுண்டியை வேலையை விட்டு எடுக்கவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார். நாள் முழுக்க அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்ட வேண்டும். அதில் பார்க்க எதுவுமில்லை. நாலு மாதம் பொறுத்தாள். பிறகு பூந்தமல்லி பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். சூப்பர்வைசர் ஒரு சட்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். சாமுண்டி காலரில் ஒன்று, கைமடிப்பில் ஒன்று, பட்டன் துளையில் இரண்டு காட்டினாள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கோதண்டத்தின் கம்பெனியில் கடைசி நாளன்று பொன்னியம்மா கேட்வரை கூட வந்தாள்.  தன் டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சை சாதத்தைச் சாமுண்டியின் டப்பாவில் தள்ளிக் கொடுத்தாள்.

97ஆம் வருஷம் ஆகஸ்டில் பால்ராஜ் சட்டைக் கம்பெனிக்கு போன் செய்தான். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹாலில் ஆப்பிரிக்க ஓவியர்கள் நாலைந்து பேருடைய படங்களை வைக்கிறார்கள். இபிசோவும் வருகிறாள். சாமுண்டி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேம்புலியோடு போனாள். அவன் டிரைவர் சட்டையைத் தவிர நல்ல சட்டை ஒன்றைத் தேடிப் போட்டிருந்தான். ஹாலில் கூட்டம் அதிகமில்லை; பால்ராஜ் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். போட்டோவில் வந்த அந்தத் துணி, அதில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. மேலே மின்விசிறி சுற்றும்போது லேசாக அசைந்தது. உருவிய இழைகளின் வழியாக வெள்ளைச் சுவர் தெரிந்தது.

இபிசோ வந்து சாமுண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்போது விற்பனை குறைவு, கல்லூரி வேலைதான் சோறு போடுகிறது என்று பால்ராஜ் மூலம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் குறையில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை வேம்புலி எழுத்துக் கூட்டிப் படித்தான். இபிசோவின் பெயர், அதற்குக் கீழே துணி நெய்த ஊர்களின் பெயர், அதற்கும் கீழே ஒரு வரி.

"இன்னாமே இது. செக்டு பை எஸ். சாமுண்டீஸ்வரி, அம்பத்தூர்னு போட்டுக் கீது."

சாமுண்டி அட்டையைப் பார்க்கவில்லை. அவள் துணிக்கு ரொம்பக் கிட்டத்தில் போய் நின்றிருந்தாள். வலது பக்கம், இடுப்பு உயரத்தில், நீலக் கட்டத்துக்குள் ஒரு விரல் நீளத்துக்கு இரண்டு இழை ஒன்றாக ஓடியிருந்தது. அதுவும் பழுதுதான்; சுற்றி வட்டமில்லை. அந்தத் துண்டின் ஓரத்தில் அவள் கையால் எழுதிய 'சா' இருந்தது. அது அவள் பார்த்துப் போட்ட துணிதான்.

முகம் சூடானது.  யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விடலாம்.

"மேடம்" என்று கூப்பிட்டாள். விரலால் காட்டினாள். "ஹியர். டபுள். ஐ மிஸ்."

ஹால் காவலாளி அவசரமாக வந்து, "தொடாதீங்கம்மா" என்றார். இபிசோ அவரைக் கையமர்த்திவிட்டுக் குனிந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு துணியில் படும் அளவுக்குக் கிட்டே போனாள். பிறகு நிமிர்ந்து, தொண்டையிலிருந்து உரக்கச் சிரித்தாள்.

"ஆறு வருஷமா கூடவே வெச்சிருந்தேன், எனக்கும் தெரியலன்றாங்க" என்றான் பால்ராஜ். "வேணும்னா இப்பப் போட்டுடு, பென்சில் தரேன்றாங்க."

சாமுண்டி வேண்டாம் என்று தலையாட்டினாள். "அன்னிக்கிப் பாத்திருக்கணும்ண்ணே. இப்பப் போட்டா அதுவும் வரையறதுதான்."

வேம்புலி வாசல் பக்கம் போய், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று அங்கிருந்தே கேட்டான். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவள் அடுத்த துண்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.